ஏலக்காய் ஸ்டோரில் வைத்த மெழுகுவர்த்திக் கிண்ணங்கள்

அப்பு,

நேற்று முன்தினம் போனில், "ஞாயித்துக்கிழம வர்றேன்ப்பா, பவித்ராவ ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்பா சரி என்றுவிட்டார் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். நான் சரி என்று சொல்லவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அதைவிடச் சத்தமாகக் கத்துவாய், இரண்டு பேரும் கத்தி முடிக்கும்போது என்ன பேச வந்தோம் என்பதே மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த உறையை ஒட்டிக் கூரியரில் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவும் உன் பொண்டாட்டி பவித்ராவும் படிப்பார்கள். சொந்தக்காரர்களில் யாராவது கேட்டால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். நம் வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று இத்தனை வருஷம் மூடி வைத்துத்தான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பவித்ரா வந்து இறங்கினாள். கோயம்புத்தூரிலிருந்து தனியாக, தேனியில் பஸ் மாறி, இடது தோளில் ஒரு பையுடன் வந்தாள். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. அந்தத் துண்டு ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். உன் அம்மா அதை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. ரத்தம் காய்ந்து சதையோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் எடுத்தோம். உள்ளங்கை குறுக்காகப் பிளந்திருந்தது, கட்டைவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு ஒன்று இன்னும் உள்ளேயே இருந்தது. போடியில் டாக்டரிடம் கொண்டுபோனோம். "கிளாசு கை தவறிருச்சு டாக்டர்" என்று அந்தப் பெண் உனக்காகப் பொய் சொன்னாள். உன் அம்மா விடவில்லை. "கை தவறல டாக்டர். எம்மகன் அழுத்திப் பிடிச்சிருக்கான்" என்றாள். டாக்டர் தலையை நிமிர்த்தாமல் தையல் போட்டார். கட்டைவிரல் பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

அன்றைக்கு நான் கூப்பிட்டபோது நீ சொன்னது ஒரே வரி. "சும்மா தள்ளுனேன்ப்பா." அந்தச் சும்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். என் வாயில் இருபது வருஷம் குடியிருந்த சொல் அது. சும்மா ஒரு தட்டு, சும்மா ஒரு அறை. பவித்ரா மறுநாள்தான் வாயைத் திறந்தாள். கோவையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் பன்னிரண்டு கண்ணாடி மெழுகுவர்த்திக் கிண்ணங்களில் பிளாஸ்டிக் பூ ஒட்டி ஓவனில் வைத்திருந்தாளாம். நீ ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்து கதவைத் திறந்ததும் வீடெல்லாம் பிளாஸ்டிக் வாசமாம். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அவர்கள் போகும்வரை நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு ஓவன் தட்டைத் துணியால் பிடித்து இழுத்துத் தரையில் அடித்திருக்கிறாய். சூடு ஆறாத கண்ணாடி பன்னிரண்டும் வெடித்துச் சிதறியிருக்கின்றன. அவள் குனிந்து பொறுக்கப் போனபோது "பொறுக்குடி, பொறுக்கு" என்று அவள் கைமேல் உன் கையை வைத்து அமுக்கியிருக்கிறாய். உன் முழு எடையையும் வைத்து அமுக்கியதாகச் சொன்னாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன்.

அந்த வேலை உனக்கு என்னவென்றே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் பார்க்காதவன்தான், இந்த நான்கு நாளாகத்தான் பார்க்கிறேன். உன் கல்யாணமான முதல் மாதத்தில் உன் அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது. கண்ணாடிக் கிண்ணத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள். ஒரு விரல் ரேகை இருந்தாலும் கிளே அந்த இடத்தில் பிடிக்காதாம். கிளே என்பது மண் இல்லை, ஒரு வகைப் பிளாஸ்டிக். கல் மாதிரி இருப்பதைக் கைச்சூட்டில் பிசைந்து பிசைந்து சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மெல்லிசாக உருட்டி, இலை வெட்டி, பூ வெட்டி, கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும். உன் அம்மா செய்வது ஏலப்பூ. வெள்ளை இதழ், நடுவில் ஊதா வரிகள். அந்த வரிகளை ஊசி முனையால் வைக்கிறாள். கிண்ணத்தை ஆறிய ஓவனுக்குள் வைத்துவிட்டுத்தான் சூட்டை ஏற்ற வேண்டும், வெந்த பிறகும் ஓவனுக்குள்ளேயே ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி தெறித்துவிடும். இப்போது பவித்ரா இடது கையால் இதழை அழுத்துகிறாள். கோணலாகத்தான் வருகிறது. உன் அம்மா சரிசெய்து வைக்கிறாள்.

இந்தக் கிண்ணங்களை நம் குடும்பத்தில் முதலில் உடைத்தவன் நீ இல்லை. உனக்கு அது நினைவிருக்கும். ஆனால் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும்.

நீ ஆறாம் வகுப்பு. காலாண்டு லீவுக்கு நீயும் அம்மாவும் கீழே வீட்டிலிருந்து மலைக்கு வந்திருந்தீர்கள். போடிமெட்டுக்கு மேலே நம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் உன் அம்மா தேனியில் ஒரு டீச்சரிடம் பத்து நாள் வகுப்புக்குப் போய் இந்தக் கிளே வேலையைக் கற்றிருந்தாள். மலைமேல் இருந்த ஒரு விருந்தினர் பங்களாவில் சாப்பாட்டு மேஜைக்கு வேண்டும் என்று இருபது கிண்ணம் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் அவள் கைவேலையை யாரோ ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் ஓவனில் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நம் வீட்டில் ஓவன் ஏது? உன் அம்மா நம் மலைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு யோசனை செய்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இரவும் பகலும் சூடாகத்தானே இருக்கிறது? மழைக்காலத்தில் உன் சட்டை, சாக்ஸ், என் ஸ்வெட்டர், தலையணை எல்லாம் காய்வது அங்கேதான். ஸ்டோரில் காயாத பொருள் உண்டா என்று இருபது கிண்ணத்தையும் ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே ஒரு பலகையில் அடுக்கிவிட்டாள். ஆனால் கிளே காய்கிற பொருள் இல்லை, வேக வேண்டிய பொருள். பச்சை நிறம் போகாமல் காயை உலர்த்தும் சூடு அதற்குப் பாதிகூடப் போதாது. மூன்று நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பூவெல்லாம் முன்னைவிடக் கொழகொழவென்று இருந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள், பாவம்.

அந்த ஈடு, அதாவது அந்தத் தடவை ஸ்டோரில் உலர்த்திய காயைத்தான் நான் போடிக்கு ஏலத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் காய்க்கும் ஏலம் என்றுதான் பேர், அதை விற்பதற்கும் ஏலம் என்றுதான் பேர். சாம்பிள் கைமாறி வந்தது. ஒரு வியாபாரி நாலு காயை உள்ளங்கையில் உருட்டி, நகத்தால் கீறி மூக்கில் வைத்தார். முகம் சுளித்தார். "என்னண்ணே இது, ஏலக்காயா, புதுக் கதவா?" என்றார். ஹாலே சிரித்தது. அடுத்தவர் முகர்ந்தார், அவரும் சிரித்தார். யாரும் அந்த லாட்டைத் தொடவில்லை. வெளியே டீக்கடையில் நான் நுழைந்ததும் ஒருவன் "கதவு வருது, தள்ளி நில்லு" என்றான். ஜீப்பு மலை ஏற ஏற என் கோபமும் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் யாரை அடிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

ஸ்டோரைத் திறந்ததும் அந்தப் பலகையும் அதன்மேல் பிளாஸ்டிக் பூ ஒட்டிய கண்ணாடிகளும் கண்ணில் பட்டன. கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். யார் மேல் இறக்கலாம் என்று அலைந்தவனுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அது. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட குஞ்ஞுமோன் ஓடிவந்தார். "சாரே, அது இதின்டெ மணமல்லா, கதகின்டெ..." என்று மலையாளத்தில் ஏதோ சொல்ல வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓங்கி அறைந்தேன். அவர் பல்லில் இடித்து என் விரல் முட்டி கிழிந்தது. பிறகு முதல் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன்.

சத்தம் கேட்டு உன் அம்மா ஓடிவந்தாள். "என்னங்க, என்னங்க இது, பங்களாவுக்குக் குடுக்கணும்ங்க" என்று என் கையைப் பிடித்தாள். ஏலக்காய்த் தட்டின் மரச்சட்டத்தை உருவி அவள் தலையின் இடது பக்கம் அடித்தேன். அவள் தட்டுகளுக்கு நடுவே விழுந்தாள். காயும் கண்ணாடியும் அவள் மேல் கொட்டின. எழுந்தாள், மறுபடி அடித்தேன். உன் அம்மா போன் பேசும்போது தலையைச் சாய்த்து வலது காதில்தான் வைப்பாள். வயசாகிவிட்டது என்று நீ கேலி செய்வாய். அந்த இடது காது அன்றைக்குப் போனது, வயசால் போனதில்லை. நான் அவளை மிதித்துக்கொண்டிருந்தபோது குஞ்ஞுமோன் என் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் உன் அம்மாவே தரையில் தவழ்ந்துபோய் அடுப்புக் கம்பியை எடுத்து என் முகத்தில் வீசினாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அப்போதுதான் நின்றேன். ஜீப்பிலிருந்து விழுந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னோம். உன்னையும் அப்படியே சொல்லச் சொன்னோம். நீ பள்ளிக்கூடத்தில் தடுமாறாமல் சொன்னாயாம். உன் வாத்தியார் பிறகு என்னிடம் விசாரித்தார், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன் அம்மா சிலமலைக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். காதில் பஞ்சோடு போனவளை மூன்றாம் நாள் அவள் அப்பாவே கூட்டிவந்து விட்டார். ஒரு பை முருங்கைக்காயையும் கொடுத்து, "மாப்ளே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் பயந்திருப்பேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு, நான் செய்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை உன் அம்மாவை அடித்தேன். அப்புறம் அவள் அந்த அடுப்புக் கம்பியை மலையிலிருந்து கீழே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "இனி ஒருக்க கை ஓங்குங்க. தூங்குறப்ப கண்ணக் குத்திருவேன்" என்றாள். சத்தம் போடாமல், பருப்பு களைந்துகொண்டே சொன்னாள். எனக்குப் புத்தி வந்து நிறுத்தினேன் என்று நீ நினைத்திருந்தால் அது தப்பு. பயந்துதான் நிறுத்தினேன். புத்தி வந்தது ரொம்பப் பிந்தி.

இப்போது யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். அந்த வியாபாரி சொன்னது சரி. அது புதுக் கதவு வாசம்தான். ஸ்டோரின் பழைய கதவு அடியில் இற்றுப்போயிருந்ததால் அந்த வாரம்தான் போடியிலிருந்து ஆசாரியைக் கூட்டிப்போய்ப் புதுக் கதவு போட்டேன். வார்னிஷ் காய இரண்டு நாள் விடுங்கள் என்றார் ஆசாரி. காய் எடுப்பு நேரத்தில் இரண்டு நாளா என்று அன்றைக்கே மாட்டச் சொன்னேன். பூட்டிய அறை, உள்ளே சூடு, ஈர வார்னிஷ். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தை எல்லாம் குடித்துக்கொள்ளும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இது கிண்ணத்தின் வாசம் இல்லை, கதவோடது என்று குஞ்ஞுமோன் அதைத்தான் சொல்ல வந்தார். மறுநாள் காலையில் முகத்தில் கட்டோடு ஸ்டோருக்குப் போய்க் கதவைத் தொட்டேன், மழை ஈரத்தில் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் எழுந்து வந்து யாரிடமும் சொல்லவில்லை. பொண்டாட்டியைச் செவிடாக்கிய காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் பதினைந்து வருஷம் அந்தப் பொய்யோடு அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். இந்த இடத்தை எழுதி முடித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கிளே உருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள். "கதவு கதை அன்னிக்கே குஞ்ஞுமோன் அண்ணே சொல்லிட்டாரு. நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." என்னால் அதற்கு மேல் அந்த அறையில் இருக்க முடியவில்லை அப்பு. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஸ்டோரில் நான் உடைத்துக்கொண்டிருந்தபோது நீ மூலையில் நின்றாய். அழவில்லை, ஓடவில்லை. உன் அம்மா இன்னும் கம்பியை எடுக்கவில்லை, தட்டுகளுக்கு இடையில் கிடந்தாள். மிச்சக் கிண்ணங்களும் உடைந்து பலகை காலியாகிவிட்டது, நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். நீ குனிந்து தட்டுக்கு அடியில் உருண்டு போயிருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாய். "அப்பா, இது ஒண்ணு உடையலப்பா" என்றாய். அதில் ஊதா வரி போட்ட பூ அப்படியே இருந்தது. அம்மா செய்தது ஒன்றாவது பிழைக்கட்டும் என்று நீட்டினாயா, அடுத்த அடி உனக்கு விழக் கூடாது என்று நீட்டினாயா, எனக்குத் தெரியாது. நான் அதை வாங்கினேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் அடித்தேன். பிறகு உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீ சிரித்தாய். உனக்கு நான் நீச்சல் சொல்லிக்கொடுத்ததில்லை, வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் உனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு பாடம்தான்.

அதனால் உன்மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே. எனக்கு எரிகிறது. அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கும்போதெல்லாம் உன் கையை முறிக்க வேண்டும் போல இருக்கிறது. என் கோபம் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. அறுபது வயதில் தோட்டத்தைச் சுற்றி நடந்து நடந்துதான் அதை அடக்குகிறேன். உனக்கு இருபத்தாறு. எங்க அப்பன் அப்படி, அதனால் நான் இப்படி என்று நீ சொல்லலாம். நானும் என் அப்பாவைக் காட்டித்தான் தப்பித்தேன். அவரும் யாரையோ காட்டியிருப்பார். இப்படியே ஆள் காட்டிக்கொண்டு போனால் அடி வாங்கியவர்களுக்கு என்ன பதில்? தேனியில் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். நீ வருவதாக இருந்தால் நானும் உன்னோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். எனக்கும் அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது. கோபத்தைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

தேவாரம் ஊரிலிருந்து பவித்ராவின் அப்பா போன் செய்தார். "சம்பந்தி, ஞாயித்துக்கிழம மாப்ள வந்தா வெரசா அனுப்பி வச்சிருங்க. ஊர்ல பேச்சாயிரும்" என்றார். என் மாமனாரின் குரலே கேட்டது போல இருந்தது. பெற்ற வீட்டுக்குப் போகாமல் அடித்தவனின் வீட்டுக்கு இந்தப் பெண் ஏன் வந்தாள் என்று அப்போது விளங்கியது. அங்கே போயிருந்தால் இதற்குள் கோயம்புத்தூர் பஸ்சில் ஏற்றியிருப்பார்கள். "அனுப்ப மாட்டேன் சம்பந்தி. அவளாப் போறேன்னு சொல்ற வரைக்கும் இது அவ வீடு" என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. வராதே என்று சொல்ல மாட்டேன். சோறு இருக்கும். நீ எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் பவித்ரா உன்னோடு வர மாட்டாள். உன்னைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்வாள். அவள் அறைப் பக்கம் நீ சத்தம் போட்டுக்கொண்டு போனால் நடுவில் நான் நிற்பேன், எனக்குப் பின்னால் உன் அம்மா நிற்பாள். என்னைத் தாண்டினாலும் உன் அம்மாவைத் தாண்ட முடியாது, அது எனக்கு அனுபவம்.

வருவதற்கு முன் இதையும் தெரிந்துகொண்டு வா. இன்று காலை காப்பி குடிக்கும்போது பவித்ரா, "மாமா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும். எங்கூட வருவீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவளால் வலது கையால் எழுத முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், தட்டு, கண்ணாடி, அமுக்கிய கை, எல்லாவற்றையும். கீழே அவள் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். எழுதிக்கொடுத்தவர் பேர் என்ற இடத்தில் நான் என் பேரைப் போட்டேன். அங்கிருந்த போலீஸ்காரம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பாவாய்யா நீங்க?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். "அடிச்சவனோட அப்பா."